ஆம்பள கண்ணு படாத டேப்

பீர் முஹம்மது கல்யாண வீடியோக்காரர்தான். ஆனால் பாதிக் கல்யாணம்தான் அவரால் எடுக்க முடியும். மாப்பிள்ளை ஊர்வலம், நிக்காஹ், பிரியாணிப் பந்தி, தொப்பி போட்ட பெரியவர்கள் கட்டித் தழுவிக்கொள்வது எல்லாம் அவர் கேமராவில் வரும். மண்டபத்தின் நடுவில் தொங்கும் திரைக்கு அந்தப்புறம், மணப்பெண்ணும் அவள் உறவுப் பெண்களும் உட்கார்ந்திருக்கும் பக்கம், தலைகீழாக நின்றாலும் நுழைய முடியாது. பொண்ணே இல்லாத கல்யாண டேப்பை வெச்சிக்கினு இன்னா பண்றது பாய் என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டால் அவர் தலையைச் சொறிவார்.

அந்தத் திரைக்குள் போனவள் அவர் மனைவி கமர் ஜஹான். தொண்ணூற்று மூன்றில், சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், கேமராவை அவள் தோளில் வைத்து, சிவப்புப் பட்டனை அமுக்கு, அவ்வளவுதான் என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து டேப்பைப் போட்டுப் பார்த்தார். அவரைப் போலக் கேமராவை இப்படியும் அப்படியும் ஆட்டாமல், ஓர் இடத்தில் நின்று பொறுமையாக எடுத்திருந்தாள். பெண்ணுக்குப் பூ வைக்கும் அம்மாவின் கை நடுங்குவது தெரிந்தது. மூலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சும் தங்கச்சி தெரிந்தாள். பார்த்து முடித்துவிட்டு, "பரவால்ல" என்றார். பெண்டாட்டியைப் புகழ்ந்தால் வாயில் முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள்.

எடுப்பது ஒரு பங்கு வேலை என்றால் வெட்டி ஒட்டுவது மூன்று பங்கு வேலை. அதற்குக் கோடம்பாக்கத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் எடிட்டிங் அறைகள் இருந்தன. அங்கே போனால் டீ கொண்டுவருகிறவன் முதல் பக்கத்து அறைக்காரன் வரை அத்தனை பேரும் ஆண்கள்தான். அதனால் பெண்கள் பக்கத்து டேப்பை வெட்டாமல் அப்படியே பெண்ணின் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். மூன்று மணி நேரம் ஓடும். நல்லதெல்லாம் அதற்குள் எங்கேயோ இருக்கும். இடையில் மின்விசிறி சுற்றும், குழந்தைகளின் செருப்பு கிடக்கும், யாரோ ஒருத்தியின் முதுகு ஐந்து நிமிஷம் நிற்கும். தான் எடுத்ததை இப்படிக் குப்பையோடு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று கமருக்கு மனசு ஆறாது.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கி, கேமராவை அதில் சொருகிப் படத்தை உள்ளே இழுத்து, அங்கேயே வெட்டலாம் என்று யாரோ சொல்லக் கேட்டது முதல் அவளுக்குத் தூக்கம் போயிற்று. தொண்ணூற்று எட்டில் அவள் கட்டிவந்த சீட்டு விழுந்ததும் வளையல் பண்ணவில்லை, கம்ப்யூட்டர் வாங்கினாள். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அஃப்தாப் என்பவர் உதிரிகளை வாங்கிக் கோத்து, படம் இழுக்கும் கார்டு ஒன்றையும் பொருத்திக் கொடுத்தார். கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் அவர்கள் இருந்த மாடிப் போர்ஷனுக்கு மூன்று சாயங்காலம் வந்து சொல்லியும் கொடுத்தார். பீர் முஹம்மது பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கமர் ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரே இழுப்பில் ஒன்பது நிமிஷப் படம்தான் உள்ளே போகும், அதற்கு மேல் ஃபைல் தாங்காது. இப்படி இரண்டு துண்டு இழுத்தால் டிஸ்க் நிறைந்துவிடும். அதை வெட்டி ஒட்டி, வி.சி.ஆர். டேப்பில் திருப்பிப் பதிந்து, டிஸ்க்கை அழித்துவிட்டு அடுத்த ஒன்பது நிமிஷத்துக்குப் போக வேண்டும். நடுவில் பிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் கரண்ட் ஒரு துடிப்புத் துடிக்கும், படத்தில் நாலு ஃப்ரேம் விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து. அதனால் படம் இழுக்கும்போதெல்லாம் பிரிட்ஜை நிறுத்திவிடுவாள். பால் திரிந்துபோச்சு என்று பீர் முஹம்மது கத்துவார், காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு அவள் ஒரு சட்டம் வைத்தாள். பெண்கள் பக்கத்து டேப் உள்ளே இருக்கும்போது கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கும். எந்த ஆணும் வரக் கூடாது, புருஷன் உட்பட. வேலை முடிந்ததும் வெட்டிய டேப், வெட்டாத டேப் இரண்டையும் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிடுவாள். வீட்டில் ஒரு துண்டு தங்காது. ராயப்பேட்டையிலும் அடையாறிலும் இது வாய்க்கு வாய் பரவியது. கமர் ஆபா எடுத்தால் ஆம்பள கண்ணு படாது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்த வீடுகளில் அக்காவை ஆபா என்பார்கள். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் பீர் முஹம்மதைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, ஆபா இருக்காங்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது அவருக்கு ரசிக்கவில்லை. வருமானம் வந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று ஒன்பதில், நோன்புப் பெருநாள் கழிந்து வந்த முதல் பெரிய கல்யாணம் அடையாறு அமீனா பீயின் மகள் நாஸியாவுக்கு. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கண்டிப்பான குடும்பம், சம்பந்தி வீட்டுப் பெண்கள் சிரிப்பதைக்கூட அளந்து சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி இடுவதற்குப் பெண்கள் மட்டும் கூடினார்கள். அங்கே நாஸியா ஆடினாள். தோழிகள் கை தட்ட, கேசட்டில் சினிமாப் பாட்டு ஓட, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அந்தப் பெண் ஆடின ஆட்டம் இருக்கிறதே, பார்த்துக்கொண்டிருந்த கிழவிகள்கூடத் தொடையில் தாளம் போட்டார்கள். அதற்கப்புறம் அவள் வாழ்க்கையில் அப்படி ஆடப் போவதில்லை என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆடும்போது எடுக்க வேண்டாம் என்றுதான் அமீனா பீ முதலில் சொன்னார். நாஸியா கெஞ்சினாள். அமீனா பீ கமரைத் தனியாகச் சமையலறைக்கு அழைத்துப்போய், இது வெளியே போனால் என் பொண்ணு வாழ்க்கை போச்சு, அவளப் பெத்த அத்தாவுக்குக்கூட நான் காட்ட மாட்டேன், உன்னை நம்பலாமா என்று கேட்டார்.

"ஒரு ஆம்பள கண்ணு படாதும்மா. இது என் வாக்கு" என்றாள் கமர்.

இந்தக் கல்யாணத்துக்கென்றே பெரிதாக இன்னொரு டிஸ்க் வாங்கி அஃப்தாபிடம் கொடுத்துப் பொருத்தி வாங்கியிருந்தார்கள். வந்த வினை அதில்தான் இருந்தது. மற்ற டேப்புகளில் எல்லாரும் உட்கார்ந்தே இருந்ததால் கோளாறு தெரியவில்லை, ஒருவழியாக முடிந்தன. மருதாணி டேப்புக்கு வந்ததும் படம் விட்டு விட்டு வந்தது. நாஸியா கையைத் தூக்குவாள், தூக்கின கை அப்படியே நிற்கும், அடுத்த நொடி கீழே இருக்கும். கமர் பிரிட்ஜை நிறுத்தினாள், விசிறியை நிறுத்தினாள், வியர்க்க வியர்க்க இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். புது டிஸ்க்கில்தான் கோளாறு என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அஃப்தாபுக்குப் போன் போட்டபோது, மிஷினை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது ஆபா என்றார். அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். வியாழக்கிழமை தி. நகரில் குழந்தைக்குப் பேர் வைக்கும் விசேஷம் ஒன்று ஒப்புக்கொண்டிருந்தாள். அது முடிந்து வந்ததும் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு, மிஷினை மட்டும் ஆட்டோவில் ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோவது. பீச்சில் எடுத்த பழைய டேப் ஒன்றைப் போட்டு அவர் சோதித்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமீனா பீயிடம் கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நாஸியாவுக்கு விமானம்.

வியாழக்கிழமை பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். புதுக் கேமரா கம்ப்யூட்டரோடு வயர் போட்டபடி இருந்தது, மருதாணி டேப் அதற்குள் இருந்தது. வெளியே எடுத்தால் மறுபடி அந்த இடத்தைத் தேட வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் பீர் முஹம்மது கையை நீட்டினார். பேட்டரி சார்ஜர் உள்ளே இருக்கிறதாம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். கொடுத்துவிட்டாள். கட்டின புருஷன் கேட்கிறபோது எந்தப் பெண் சாவியை மறைப்பாள்? அவள் செய்த தப்பு என்று ஒன்று உண்டென்றால் இது ஒன்றுதான்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. பீர் முஹம்மது நாற்காலியில் சாய்ந்து, முகமெல்லாம் பூரித்து உட்கார்ந்திருந்தார். வா வா, பாரு என்று மவுஸைத் தட்டினார். திரையில் நாஸியா சுழன்றாள். துப்பட்டாவின் நுனி சுழன்றது, வளையல் குலுங்கியது, ஒரு ஃப்ரேம்கூட விட்டுப்போகவில்லை, தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. கமர் அப்பாடா என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் மேஜைமேல் இரண்டு டீ கிளாஸ் இருப்பதைப் பார்த்தாள்.

யார் வந்தது என்று கேட்டாள். அஃப்தாப்தான் என்றார் அவர், எதுவுமே நடக்காத மாதிரி. புது டிஸ்க்கில் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றாமல் விட்டிருந்தானாம், போன் போட்டதும் ஓடி வந்தானாம், நீ ரெண்டு நாளா திண்டாடினதை அவன் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான் என்று பெருமை வேறு. சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். திருப்பித் திருப்பி இழுத்துப் பார்த்தோம், ஆறு தடவை என்றார்.

"பீச்ல எடுத்த டேப் கீதே, அதப் போட்டுப் பாக்கறதுக்கு இன்னா?"

"அதுல அலையும் சுண்டல்காரனும்தான் கீறாங்க. வேகமா அசையற சீன் வேணும்னான். டான்ஸ்னா தெளிவாத் தெரியும்ல?" என்றார் பீர் முஹம்மது. "அவன் எங்க பொண்ணப் பாத்தான்? விட்டுப்போன ஃப்ரேம் எத்தினின்னு கீழ நம்பர் ஓடுதே, அதையேதான் பாத்துக்கினு இருந்தான்."

அது நிஜமாகவே இருக்கலாம். அஃப்தாப் அந்த மாதிரி மனுஷன்தான், எதிரில் வீடு பற்றி எரிந்தாலும் மிஷின் நம்பரைத்தான் பார்ப்பார். கமருக்கும் அது தெரியும்.

"அவர் நம்பரப் பாத்தாரு. நீங்க?"

"நானா? நான் இன்னா அந்நியனா?" என்று சிரித்தார் அவர். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு சூப்பரா ஆடுது, இன்னா சொல்றே?" என்றார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் எடுத்ததைப் பார்த்துப் பரவால்ல என்ற வாய் அது. கமர் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். நான் வாக்குக் கொடுத்திருந்தேனே என்றாள். யாருக்குத் தெரியப் போவுது, வாய மூடிக்கினு குடுத்துட்டு வா என்று சொல்லிவிட்டு அவர் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். போகும்போது சாவியை மறக்காமல் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்ன நாணயம்!

அன்று சாயங்காலமும் மறுநாள் பகலும் உட்கார்ந்து ஆட்டத்தை வெட்டி முடித்தாள். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. நன்றாகவும் வந்தது, அதுதான் கொடுமை. ஆட்டம் முடிந்து நாஸியா மூச்சு வாங்கியபடி அம்மா தோளில் சாய்கிற இடத்தில் நிறுத்தினாள். கமர் செய்ததிலேயே சிறந்த வேலை அது. பிறகு டிஸ்க்கை அழித்தாள், டேப்புகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். அமீனா பீ அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய், அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பீரோவைத் திறந்து, பிரிக்காத பட்டுப் புடவை ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். உன் நாணயத்துக்கு அல்லாஹ் உன் பிள்ளைகுட்டிகளை நல்லா வைப்பான் என்றார். கமரால் தாங்க முடியவில்லை. புடவையைத் தள்ளி வைத்துவிட்டு, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லிவிட்டாள். கேமராவில் டேப்பை விட்டது, சாவியைக் கொடுத்தது, ரிச்சி தெரு ஆள், ஆறு தடவை, எல்லாம்.

அமீனா பீ கத்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் கமர் சொன்னே? சொல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே" என்றார்.

அமீனா பீ எழுந்து தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தார். இது இருந்தால் என்றைக்காவது சம்பந்தி வீட்டில் போட்டுப் பார்ப்பார்கள், யார் வெட்டினது, யார் கூட இருந்தது என்று பேச்சு வரும் என்றார். மற்ற டேப்புகளைத் தனியே வைத்துவிட்டு, மருதாணி டேப்பையும் அதிலிருந்து வெட்டின டேப்பையும் மட்டும் பிரித்து, உள்ளே இருந்த நாடாவை மடியில் இழுத்துப் போட்டுத் துண்டு துண்டாக நறுக்கினார். கமர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார்கிட்டயும் மூச்சு விடாதே என்றார். விட மாட்டேன் என்று அவள் மறுபடி வாக்குக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் நாஸியா உள்ளே வந்தாள், மருதாணி மங்காத கையோடு. என் டான்ஸ் எப்படி ஆபா வந்திருக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தவள், தரையில் கிடந்த கறுப்பு நாடாவைப் பார்த்து நின்றாள். அமீனா பீ மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டேப் மிஷின்ல மாட்டிக்கிச்சாம். கமர் கெடுத்துட்டா."

கமர் வாயைத் திறந்தாள். அமீனா பீயின் கண் அவளைப் பார்த்துக் கெஞ்சியது. உண்மையைச் சொன்னால், தன் ஆட்டத்தை யாரோ இரண்டு ஆண்கள் ஆறு தடவை பார்த்தார்கள் என்ற நினைப்போடு அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும். அதைத் தலையில் சுமந்துகொண்டு கண்டிப்பான மாமியார் எதிரே நிற்க வேண்டும். கமர் தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம்மா, தப்பு என்னுதுதான் என்றாள்.

நாஸியா அழுதாள். அழுதுகொண்டே, வாயில் வந்ததைச் சொன்னாள். "தெரியாத மிஷின்ல ஏன் ஆபா கை வெக்கிறீங்க? எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்."

கமர் புடவையை எடுக்காமல் எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், தெரியாத மிஷினா, தெரியாத மிஷினா என்று உதடு முணுமுணுத்தது. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தாள்.

நாஸியா சும்மா இருப்பாளா? தோழிகளிடம் சொன்னாள். தோழிகள் அவரவர் அம்மாவிடம் சொன்னார்கள். ஆறு வருஷம் சேர்த்த பேர் ஆறு வாரத்தில் போயிற்று. ஆபாவுக்குக் கை நல்ல கை, ஆனா கம்ப்யூட்டர் வரலை, டேப்பைத் தின்னுடுது என்று பரிதாபப்பட்டுப் பேசினார்கள். டேப் கேமராவுக்குள்தானே போகும், கம்ப்யூட்டர் எப்படி அதைத் தின்னும் என்று கேட்க ஒருத்திக்கும் தெரியாது. பீர் முஹம்மதின் காதுக்கும் வந்தது. பாதி தெரிந்தவர்தானே என்று, அமீனா பீ வீட்டில் நடந்ததையும் தான் கொடுத்த வாக்கையும் கமர் அவரிடம் மட்டும் அன்றைக்கே சொல்லியிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டார், திருத்தவில்லை. அவர் தொழில் அது பாட்டுக்கு நடந்தது.

பக்ரீத் கழிந்து ராயப்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார், மகள் கல்யாணத்துக்கு வீடியோ பேச. கமர் சமையலறையில் இருந்தாள். கூடத்தில் பேசுவது அங்கே அட்சரம் பிசகாமல் கேட்கும்.

"பொம்பளைங்க சைடுல ஆபா எடுக்கட்டும் பாய். ஆனா வெட்டறத அவங்ககிட்ட குடுக்காதீங்க. வேலை தெரிஞ்ச ஆம்பளை ஆளா வெச்சு வெட்டிக் குடுங்க. பாத்தா பாத்துட்டுப் போறாங்க. டேப்பு நல்லா வரணும்."

பீர் முஹம்மது சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சரிம்மா, நான் பாத்துக்கறேன் என்றார்.

அந்த அம்மாள் படி இறங்கின பிறகு கமர் வெளியே வந்தாள். டேப்பு என்னால கெடலன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"நான் எப்படிச் சொல்றது? சொன்னா அந்தப் பொண்ணு பேரு கெட்டுப்போவும். மூச்சு விட மாட்டேன்னு நீதானே அங்க வாக்குக் குடுத்துட்டு வந்தே?" என்றார் அவர். சொல்லிவிட்டு, அஃப்தாபுக்குப் போன் போட்டு, டேப் வெட்டிக் கொடுக்க எந்தெந்த நாள் சாயங்காலம் வர முடியும் என்று கேட்டார்.